ஒன்பது இழுப்பறைக்கு ஒன்பது பிடி

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், அலமாரிகளுக்கும் மேசை இழுப்பறைகளுக்கும் பிடி செய்கிற தொழிற்சாலை ஒன்றில் பரிசோதகனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பரிசோதனை என்றதும் பெரிய விஞ்ஞானம் என்று நினைத்துவிடாதீர்கள். பலகையில் பொருத்திய பிடியை இழுத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இழுக்கும்போது நான் பிடியைப் பார்ப்பதில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வேன். எனக்குத் தீராத கழுத்துச் சுளுக்கு என்று புதிதாக வந்தவர்கள் நினைத்திருந்தார்களாம். எனக்கும் பிடிகளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று ஒருவன் கிளப்பிவிட்டிருந்தான்.

இனிமேல் பிடிகளை ஆறு ஆறாக, ஒரே அச்சில் வார்த்து, அட்டைப் பெட்டியில் போட்டு மூடி, மேலே படம் ஒட்டி விற்கப்போகிறார்கள் என்று சென்ற மாதம் கேள்விப்பட்டேன். வாங்குகிறவர் படத்தைப் பார்த்தால் போதும், தொட வேண்டியதில்லை. இதைப் பற்றி உங்கள் அபிப்பிராயத்தை எழுதிக் கொடுங்கள் என்று பழைய சகாக்கள் கேட்டார்கள். அபிப்பிராயம் சொன்னால் சண்டை வரும். அனுபவத்தை எழுதுகிறேன், படித்துவிட்டு நீங்களே சண்டை போட்டுக்கொள்ளுங்கள்.

என் பெயர் தேவசகாயம். அப்பாவும் அம்மாவும் கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே பிறர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். எட்டாவது வரை படித்துவிட்டு, ஐம்பதுகளின் தொடக்கத்தில், திருவள்ளூர்த் தேரடிப் பக்கம் கரீம் பாயின் இரும்புச் சாமான் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் மூன்று வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆணி நிறுத்தேன், கீலுக்கு எண்ணெய் போட்டேன், துரு துடைத்தேன். நாலாவது வருடம்தான் பாய் என்னைப் பிடிப் பலகைக்கு முன்னால் நிறுத்தினார்.

குமிழ், வளையம், கொக்கி என்று எத்தனை வகை இருந்தாலும் கடையில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், பிடி. ஆள் உயரத் தேக்குப் பலகை ஒன்றில் வகைக்கு ஒன்றாகப் பொருத்திச் சுவரில் மாட்டியிருந்தோம். பலகைக்குக் கீழே ஒரு முக்காலி. அதன் மேல் ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் இன்னொரு கிண்ணத்தில் விளக்கெண்ணெயும் இருக்கும். பிடி வாங்க வருகிறவர்களிடம் பாய் முதலில் பிடியைக் காட்டவே மாட்டார். யார் திறப்பார்கள், எந்தக் கையால் திறப்பார்கள், அப்போது கையில் என்ன ஒட்டியிருக்கும் என்று மூன்று கேள்வி கேட்பார். சமையல்கட்டு அலமாரி என்றால் கையை எண்ணெயில் தோய்க்கச் சொல்வார். குளிக்கும் இடத்து அலமாரி என்றால் தண்ணீரில். பிறகு முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு, பலகையில் இருக்கிற ஒவ்வொரு பிடியையும் இழுக்கச் சொல்வார். எந்தப் பிடியில் கை தானாக நிற்கிறதோ அதுதான் அவர்களுடையது. கண்ணால் தேர்ந்தெடுத்தால் விருந்தாளிக்குத் தேர்ந்தெடுப்பார்கள் என்பது பாயின் கட்சி.

பெரியபாளையத்திலிருந்து ஒரு மிட்டாய்க்காரர் வந்தார். வீட்டு அலமாரிக்குப் பளபளவென்று பித்தளை உருண்டைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். பாய் மறுத்துப் பேசவில்லை. கையை எண்ணெயில் தோய்க்கச் சொன்னார். மிட்டாய்க்காரர் இழுத்தார், கை வழுக்கியது. மறுபடி இழுத்தார், மறுபடி வழுக்கியது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்க ஆரம்பித்ததும் அவரே சிரித்துவிட்டு வளையப் பிடிகளை வாங்கிக்கொண்டு போனார். வாடிக்கையாளரைத் தோற்கடிக்காமல் ஜெயிப்பது எப்படி என்று அன்றைக்குப் பார்த்தேன்.

பிடி தேர்ந்தெடுத்த பிறகும் வேலை முடியாது. கடை ஆள் ஒருவர் அந்த வீட்டுக்குப் போய், அலமாரி எங்கே நிற்கிறது, வெளிச்சம் எந்தப் பக்கம், கதவு எந்தச் சுவரில் இடிக்கும் என்று பார்த்துவிட்டு வர வேண்டும். அதற்குப் பிறகுதான் சரக்கு கையை விட்டுப் போகும். திறக்கிற கை தேர்ந்தெடுத்ததை வேறு யாரும் மாற்றக் கூடாது என்பது கடைசி விதி. பாய் பழவேற்காட்டுக்காரர், அதிர்ந்து பேசாதவர். கோபம் வந்தால் அவர் குரல் இறங்கும். ரொம்பக் கோபம் வந்தால் பேச்சே இருக்காது. நான் அந்தப் பேச்சில்லாத கோபத்தை ஒரே ஒரு முறை வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்தக் கதைதான் இது.

பாய் சரக்கு எடுக்கச் சென்னைக்குப் போயிருந்தார். மூன்று நாள் கடை என் பொறுப்பு. முதல் நாள் காலையில் ஓர் இளம்பெண் வந்தாள். பெயர் ருக்மணி. கணவர் ஏகாம்பரம், திருவள்ளூர்த் தாலுகா கச்சேரியில் நகல் எழுதுகிறவர். மூடிப்போன ஒரு மருந்துக்கடையின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது, அவர் ஒன்பது இழுப்பறை வைத்த பெட்டி அலமாரி ஒன்றை எடுத்திருந்தார். வரிசைக்கு மூன்றாக மூன்று வரிசை. எல்லாம் ஒரே அளவு, ஒன்றிலும் பிடி இல்லை.

பாய் கேட்கும் மூன்று கேள்விகளையும் கேட்டேன். நான்தான் திறப்பேன், வலது கை, கையில் எதுவும் இருக்கலாம் என்றாள். முகத்தைத் தெருப்பக்கம் திருப்பச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் திருப்பிக்கொண்டாள். அவள் விரல்கள் அந்தப் பலகையில் போன வேகத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. கடைசியில் அவள் எடுத்தது ஒன்பதும் ஒன்பது விதம். பித்தளை உருண்டை ஒன்று, வரி போட்ட மரப்பிடி ஒன்று, எட்டுப்பட்டை ஒன்று, இரும்பு வளையம் ஒன்று, இப்படி. அதோடு விடவில்லை. எது எந்த இழுப்பறைக்கு என்று சொல்லிச் சொல்லி என்னை ஒரு தாளில் எழுத வைத்தாள். மேல் வரிசை நடுவில் இரும்பு வளையம் என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னாள். கண் நன்றாகத் தெரிகிற பெண், இப்படியா ரசனை கெட்டுப்போயிருக்கும் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் நான் அந்த வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அதற்கு முன்பு ஒரு தடவை அந்த வீட்டுக்குக் கீல் கொண்டுபோயிருந்தேன். ஏகாம்பரத்தின் அக்கா, தம்பியோடு இருந்து குடும்பத்தை நடத்துகிறவர், என்னைத் தெருவிலேயே நிறுத்தி, கீலைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்கச் சொன்னார். எந்தச் சேரியிலிருந்து வந்தவன் என்று என்னைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது போலும். மறுபடி அங்கே போய் நிற்க எனக்கு ரோஷம். பார்க்காவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று இருந்துவிட்டேன். அந்த ரோஷத்தை இன்றைக்கும் நான் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு விலை கொடுத்தது அந்த அக்கா அல்ல.

மறுநாள் பிடிகளை வாங்கிக்கொள்ள ஏகாம்பரம் வந்தார், அக்காவும் கூட வந்தார். ஒன்பது பிடியையும் மேசையில் பரப்பினேன். பரப்பியதும் எனக்கே வெட்கமாக இருந்தது. ஒரே மாதிரி ஜோடி சேர்த்துக் கொடுப்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. திருகாணியின் தலை முதற்கொண்டு ஒத்துப்போக வேண்டும் என்று தேடிப் பொறுக்குகிறவன் நான். அப்போது வெள்ளைப் பீங்கானில் நீலப்பூ போட்ட பிடிகள் சரியாக ஒன்பது இருந்தன. அதை எடுத்து வைத்து, இதுதான் சார் உங்கள் வீட்டுக்குப் பொருந்தும், அது கதம்பமாக இருக்கிறது என்றேன். ஏகாம்பரம் அவள் கேட்டது வேறாயிற்றே என்று இழுத்தார். அக்கா பீங்கானைக் கையில் எடுத்தார். பார்க்க லட்சணமாக இருக்கிறது, இதையே கொடு என்றார். பெரிய உபகாரம் செய்துவிட்ட நினைப்பில் நான் கட்டிக் கொடுத்தேன்.

அதற்கு இரண்டாம் நாள் காலை, பாய் ஊரிலிருந்து வந்து உட்கார்ந்த நேரத்தில், ருக்மணி வந்தாள். வீரராகவர் கோயிலுக்கு என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தாள். என்னைப் பார்த்து அவள் சத்தம் போடவில்லை.

"ஏம்பா, நான் கேட்டது இன்னா, நீ குடுத்தது இன்னா? தாள்ல எழுதிக்கினியே, அப்புறம் எதுக்குப்பா மாத்தின?"

பாய் அவளை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, மெதுவாகக் கேட்டார். அவளுக்கு மாலைக்கண். பகலில் ஊசிக்கு நூல் கோர்ப்பாள். பொழுது மங்கினால் எதிரில் இருக்கிற சுவர் தெரியாது. பிறவியிலேயே வந்தது, மருந்தில்லை என்று கல்யாணத்துக்கு முன்பே சென்னையில் பெரிய டாக்டர் ஒருவர் சொல்லிவிட்டார். அவள் அப்பா அதை மறைத்துக் கட்டிக் கொடுத்துவிட்டார். அந்த வீட்டின் மூத்த மருமகளை, ஏகாம்பரத்தின் அண்ணன் மனைவியை, வலிப்பை மறைத்துக் கட்டினார்கள் என்று, அக்கா பெட்டியோடு பிறந்த வீட்டுக்கு அனுப்பியவர். அந்தப் பெண் திரும்பி வரவே இல்லை. ருக்மணி ஒன்றரை வருடமாக, வீட்டின் ஒவ்வொரு மூலையையும் அடியெண்ணி வைத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் நடந்து சமாளித்துவந்தாள். ஒன்பது இழுப்பறை வந்ததும் பயந்துபோனாள். தடவித் தடவி எண்ணிக்கொண்டிருந்தால் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். கை வைத்ததுமே இது இன்னது என்று சொல்கிற பிடி அவளுக்கு வேண்டியிருந்தது.

முந்தின நாள் மாலையில்தான் தச்சர் வந்து பீங்கான் பிடிகளை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். விளக்கேற்றுகிற நேரம். தீப்பெட்டி இழுப்பறைக்குள். தீப்பெட்டி எடுத்தால்தானே விளக்கு. மற்றவர்களுக்கு அந்த மங்கல் போதும், இவளுக்குக் கும்மிருட்டு. ஓர் இழுப்பறையைத் திறந்தாள், புளி. இன்னொன்று, மிளகாய்த்தூள். அக்கா பின்னாலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"கண்ணு முன்னாலதானே கீது, இன்னாடி தடவினுகீறன்னு கேட்டாங்க பாய். புதுசு, மறந்துட்டேன்னு சொன்னேன். சரி, நாளைக்கும் நீயே வெளக்கேத்து, நான் பாக்கறேன்னாங்க. நாளைன்றது இன்னிக்கி."

பாய் என் பக்கம் திரும்பினார். "நீ ஊட்டுக்குப் போய்ப் பாத்தியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை. காரணம் அவருக்குத் தெரியும். கீல் கொண்டுபோய்த் திரும்பிய அன்று என் முகத்தைப் பார்த்தவர். அதற்காக என்னை மன்னிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது. என் ரசனையைக் காட்டிக்கொள்ளப் போய் ஒரு பெண்ணின் வாழ்க்கையை முச்சந்தியில் நிறுத்திவிட்டேனே.

அவளைக் கோயில் வழியாகவே வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, பாய் கச்சேரிக்குக் கிளம்பினார். நான் பின்னால் போனேன். மத்தியான இடைவேளையில் ஏகாம்பரம் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். கரீம் பாய் கடையில் விற்ற சாமான் பழுது என்று ஊரில் ஒருவர் சொன்னதில்லை. அப்படிப்பட்டவர், நின்ற இடத்தில் சொன்னார்.

"சார், அந்தப் பீங்கான் வெடிச்ச சரக்கு. வெரல அறுத்துடும். எங்க தப்பு. இன்னிக்கே கழட்டிக்கினு, கையில இருக்கறத மாட்டிடறேன். ஒரே மாதிரி ஒம்போது இப்ப இல்ல. சரக்கு வந்ததும் மாத்தித் தரேன்."

ஏகாம்பரம் பாயைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சரி பாய், நான் சொன்னதாக அக்காவிடம் சொல்லுங்கள் என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

வீட்டு வாசலில் அக்கா என்னைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "அவன் எதுக்கு உள்ள? நீங்களே மாட்டக்கூடாதா பாய்?" என்றார்.

"எனக்குத் திருப்புளி புடிக்கத் தெரியாதும்மா. பூட்டற கை அவன் கை. வேணாம்னா வெடிச்ச பிடியே இருக்கட்டும்."

பாய்க்குத் திருப்புளி பிடிக்கத் தெரியாது என்பது அன்றைக்கு அவர் சொன்ன இரண்டாவது பொய். அக்கா வழிவிட்டார், ஆனால் பின்கட்டு வழியாக வரச் சொன்னார். அந்த மாதிரி வீடு ஒன்றுக்குள் நான் காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை.

வேலை லேசில் முடியவில்லை. பீங்கான் பிடிகளுக்கு மரையாணி முன்னாலிருந்து பின்னால் வரை போகும். அதற்காகத் தச்சர் துளைகளைப் பெரிதாக்கியிருந்தார். ருக்மணி கேட்ட பிடிகளில் ஏழுக்குச் சின்னத் திருகாணி. அந்தத் துளைக்குள் போட்டால் கலகலவென்று ஆடும். வஜ்ஜிரப் பசை வைத்து அடைத்தால் காய விடிந்துவிடும், எங்களுக்கு இருந்ததோ மூன்று மணி நேரம். ஆகவே காய்ந்த மூங்கிலைச் சீவி, துளையைவிட மயிரிழை தடிமனாக முளை செய்து, பசை இல்லாமலே அடித்து இறுக்கினேன். முளையின் நடுவில் துறப்பணத்தால் மெல்லிய துளை. திருகாணிக்குக் கொஞ்சம் சோப்பு தடவி, முளை பிளக்காமல் கால் சுற்று, கால் சுற்றாக ஏற்றினேன். ஒவ்வொரு பிடியையும் மாட்டியதும் பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு இழுத்துப் பார்த்தார். இரண்டைக் கழற்றி மறுபடி போட வைத்தார். எது எங்கே என்று ருக்மணியிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்கா நகராமல் நின்றிருந்தார். அவள் சொல்லி நான் எழுதிய தாள் என் சட்டைப்பையில் இருந்தது, அதை நான் நெட்டுருவே போட்டுவிட்டிருந்தேன். ருக்மணி எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, எங்களைப் பார்க்காமல், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

கடைசிப் பிடி ஏறியபோது வெயில் போய்விட்டது. பாய் பேச்சுக் கொடுப்பதற்காக அக்காவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் பின்வாசற்படியில் உட்கார்ந்து கருவிகளைத் துணியில் சுற்றினேன். வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றினேன்.

"வெளக்கு வெக்கிற நேரமாச்சு. நெருப்புப்பொட்டிய எடு" என்றார் அக்கா.

ருக்மணி எழுந்தாள். நேராக நடந்தாள். கை மேலே போனது, முதலில் பட்டது எட்டுப்பட்டை. அந்தக் கை நிற்காமல் அப்படியே பக்கத்துக்கு நழுவி, இரும்பு வளையத்தைத் தூக்கி இழுத்தது. தீப்பெட்டி. விளக்கு எரிந்தது. அக்கா இன்னும் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாய் என் தோளைத் தொட்டு, வா போகலாம் என்றார். காலைக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

அன்றோடு எங்களுக்கு வேறு ஒரு பேஜார் ஆரம்பித்தது. சரக்கு வந்ததும் மாற்றித் தருகிறேன் என்று சொல்லியாகிவிட்டது. அக்கா மறக்கிற ஆள் இல்லை. மாதம் ஒரு தடவையாவது தம்பியை இழுத்துக்கொண்டு கடைத்தெருவுக்கு வருவார். ஏகாம்பரம் படியேறியதும், ஒரே மாதிரி ஒன்பது வந்ததா என்று கேட்பார். இன்னும் வரவில்லை சார் என்பேன். அவர்கள் தெருக்கோடியில் தெரிந்தாலே, கடையில் ஜோடியாக இருக்கிற பிடிகளையெல்லாம் சாக்குக்கு அடியில் தள்ளுவேன். திருவள்ளூரில் ஒன்பது பிடி கூட வைத்திருக்க வக்கில்லாத கடை என்று அக்கா ஊரெல்லாம் சொன்னார். பாய் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தார். இரண்டு வருடம் இப்படி ஓடியது. இதற்குள் ருக்மணிக்கு ஓர் ஆண் குழந்தையும் பிறந்துவிட்டது.

ஒரு நாள் பாய் தொழுகைக்குப் போயிருந்தார். சென்னையிலிருந்து வந்த பெட்டியைப் பிரித்து, மேசைமேல் வைத்து எண்ணிக்கொண்டிருந்தேன். எல்லாம் பித்தளை உருண்டை, ஒரே அச்சு, இரண்டு டஜன். நிழல் விழுந்ததென்று நிமிர்ந்தால் எதிரில் ஏகாம்பரம். மூடுவதற்குத் துணி கூடக் கைக்கு அகப்படவில்லை. அவர் மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

அவர் பெட்டிக்குள் கையை விட்டு, சரக்கோடு வந்த வைக்கோலை இரண்டு கையாலும் அள்ளி, பிடிகளின் மேல் போட்டு மூடினார். ஒன்றிரண்டு தெரிந்தன. அவற்றின் மேலும் போட்டார்.

"அக்கா பின்னால வருது. இன்னும் வரலன்னு சொல்லு" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற குரலில்.

அக்கா படியேறி வந்து நின்றார். ஏகாம்பரம் வழக்கமான குரலில் கேட்டார்.

"இன்னாப்பா, ஒரே மாதிரி ஒம்போது வந்துச்சா?"

"இன்னும் வரல சார்."

அவர் அக்கா பக்கம் திரும்பி, "பாத்தியாக்கா, இதுக்கு நான் இன்னா செய்யறது?" என்றார்.